ஆன்னி மூர் அம்மாவான பிறகு: நியூயார்க்கில் ஐந்து நாள்

முதல் நாள்

ஜெர்சி சிட்டியில் மகன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டு, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். மருமகள் இந்த வாரம் லீவு போட்டிருக்கிறாள். "அத்தை, எங்க போகணும்னு சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில் குடியேற வந்தவர்கள் இறங்கிய எல்லிஸ் தீவில் ஆன்னி மூர் என்ற பெண்ணின் சிலை இருக்கிறது. அங்கிருந்த நிலையத்துக்குள் முதலில் நுழைந்தவள் அவள். முதலில் அந்தச் சிலையைப் பார்க்க வேண்டும். அப்புறம் அவள் குடும்பம் நடத்திய தெரு. கடைசியாக அவள் கல்லறை.

தேனி மாவட்டத்தில் 32 வருஷம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தாயும் பிள்ளையும்தான் என் வேலை. அதனால் ஆன்னி மூரைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, அன்று அவளுக்குக் கொடுத்ததாக எல்லோரும் சொல்லும் தங்கக் காசு என் மனதில் நிற்கவில்லை. அவள் 11 பிள்ளை பெற்றாள், வளர்ந்து ஆளாக நின்றவை ஐந்துதான் என்ற ஒரு வரிதான் நின்றது.

லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கிலிருந்து படகு. அங்கே பழைய ரயில் நிலையம் ஒன்று அப்படியே நிற்கிறது. தீவில் இறங்கியவர்களில் எத்தனையோ பேர் இங்கே வந்துதான் உள்நாட்டுக்கு ரயில் ஏறியிருக்கிறார்கள். படகில் பத்து, பதினைந்து நிமிஷம் போல்தான் இருக்கும், தீவு வந்துவிட்டது.

ஆன்னி அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பெண். 1891 டிசம்பர் 20 அன்று, இன்று கோவ் என்று அழைக்கப்படும் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் 'நெவாடா' கப்பலில் ஏறினாள். உடன் அந்தோணி, பிலிப் என்று இரண்டு தம்பிகள். அப்பா, அம்மா, மூத்த பிள்ளைகள் எல்லோரும் முன்னமே நியூயார்க் வந்துவிட்டார்கள். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தம்பிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு, 17 வயதுப் பெண்ணின் தலையில். அன்றைய பத்திரிகைகள் வயதை 15 என்று போட்டுவிட்டன, அதுவே ரொம்ப காலம் நிலைத்தது.

1892 ஜனவரி 1. எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் திறந்த நாள். உள்ளே நுழைந்த முதல் ஆள் ஆன்னி. நிலையத்தின் தலைமை அதிகாரி கர்னல் ஜான் வெபர் அவள் கையில் பத்து டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார். அதற்குப் பிறகு 1954 வரை இந்த வாசல் வழியே 1.2 கோடி பேர் வந்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் ஒரு அக்கா, இரண்டு தம்பிகள்.

வெண்கலச் சிலை. ஜீன் ரைன்ஹார்ட் என்ற சிற்பி வடித்தது. தொப்பி காற்றில் பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்திருக்கிறாள். அவரே கோவ் துறைமுகத்திலும் ஒரு சிலை செய்திருக்கிறார், அங்கே தம்பிகளும் கூட நிற்கிறார்கள். இங்கே தனியாக. அந்தப் பிள்ளைகள் இல்லாதது எனக்குக் குறையாகத்தான் தெரிந்தது.

மேலே பெரிய ஹாலில் மருமகள் படம் எடுக்கச் சொன்னாள். இந்த ஹாலில் ஆன்னி நின்றதே இல்லை. அவள் வந்தபோது இருந்தது மரக் கட்டடம். 1897 ஜூனில் அது எரிந்துபோனது, பழைய பதிவேடுகளும் சேர்ந்து சாம்பலாயின. இப்போதிருக்கும் செங்கல் கட்டடம் 1900 டிசம்பரில் திறந்தது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன், ஆனாலும் ஹாலின் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

தீவிலிருந்த ஆஸ்பத்திரியில் சுமார் 350 குழந்தைகள் பிறந்திருக்கின்றன, சுமார் 3,500 பேர் இறந்திருக்கிறார்கள். கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்து, இறங்கியதும் வலி கண்ட தாய்மார்களை நினைத்தேன். பாஷை தெரியாத மருத்துவச்சி, அழுதால் ஏனென்று கேட்க ஆளில்லை. அவர்கள் பெயரெல்லாம் எந்தச் சிலையிலும் இல்லை.

இரண்டாம் நாள்

காலையிலிருந்து தூறல். ரயிலில் உலக வர்த்தக மையம் வரை போய், ஆற்றோரமாக நடந்தோம். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவில் ஒரு துண்டு அயர்லாந்து இருக்கிறது. பஞ்ச நினைவிடம் என்று 2002-ல் திறந்தார்கள். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் நிஜமாகவே ஒரு குடும்பம் குடியிருந்த கல் வீட்டைப் பிரித்து, கப்பலில் கொண்டுவந்து, இங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கூரை கிடையாது. சுவர்களும் அடுப்பு மூலையும் மட்டும். மழை நேராக வீட்டுக்குள் பெய்தது.

வீட்டைத் தாண்டி ஏறினால் மேட்டு நிலம், உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள், புல், நெருஞ்சி மாதிரி முட்செடிகள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அடுத்த ஏழு வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். 1847 கோடையில் அரசு கஞ்சித் தொட்டி திறந்தது, ஒரு கட்டத்தில் தினம் 30 லட்சம் பேருக்கு ஊற்றியிருக்கிறார்கள். பிறகு அதையும் மூடிவிட்டார்கள். அதே வருஷம் ஒரு சட்டம் வந்தது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் கையில் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட். பிள்ளைக்குக் கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விடு, நிலம் வேண்டுமென்றால் பிள்ளையை விடு. இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்கள் மேல் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

ஆன்னி பிறந்தது 1874-ல், பஞ்சம் முடிந்து இருபது வருஷத்துக்கும் மேல். ஆனால் வீட்டைவிட்டுப் போவது அதற்குள் பழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்பும் முந்தின இரவு ஊரே கூடி விடிய விடிய உட்கார்ந்திருக்குமாம். இழவு வீட்டில் உட்காருவதற்கு என்ன பெயரோ அதே பெயர்தான் இதற்கும். திரும்ப வரமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அங்கிருந்து தெற்கே நடந்து ஸ்டேட் தெரு 7-ஆம் எண் வீட்டுக்குப் போனோம். வளைந்த முகப்பும் உயரமான மரத் தூண்களுமாக அழகான பழைய வீடு, இப்போது கிறிஸ்தவக் கோயில். 1883-ல் ஃபாதர் ஜான் ரியர்டன் ஐரிஷ் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இல்லம் இங்கேதான் நடந்தது. மற்ற நாடுகளிலிருந்து ஆண்கள் முதலில் வருவார்கள். அயர்லாந்திலிருந்து கல்யாணமாகாத பெண்கள் தனியாகவே வந்தார்கள், ஆண்களுக்குச் சமமான எண்ணிக்கையில். துறைமுகத்தில் அவர்களைத் தரகர்களும் ஏமாற்றுக்காரர்களும் மடக்குவதற்கு முன் கூட்டிவந்து, தங்க இடம் கொடுத்து, வீட்டு வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இந்த வாசற்படி ஏறியிருக்கிறார்கள்.

அந்தப் பெண்கள் சமையலறையில் நின்று சம்பாதித்த காசுதான் ஊருக்குப் போய் வாடகை கட்டியது, தங்கச்சிக்குக் கப்பல் டிக்கெட் ஆனது. அக்கா வந்தால் தங்கச்சி, தங்கச்சி வந்தால் தம்பி. கோயில் உள்ளே யாருமில்லை. தூணில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். மருமகளும் ஒன்றும் பேசவில்லை. அவளும் படிப்பு முடித்துத் தனியாக விமானம் ஏறி வந்தவள்தான்.

மூன்றாம் நாள்

இன்று ஆர்ச்சர்ட் தெரு 97. எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

இது அருங்காட்சியகம்தான், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் சாமான் வைத்த அருங்காட்சியகம் இல்லை. 1863-ல் லூகாஸ் க்ளாக்னர் என்ற ஜெர்மன் தையல்காரர் கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்பு. 1935 வரை சுமார் 7,000 பேர் இங்கே மாறி மாறி வாழ்ந்தார்கள். அப்புறம் மேல் மாடிகளைப் பூட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், சுவரில் காகிதத்துக்கு மேல் காகிதமாக அடுக்கடுக்காக ஒட்டியிருந்ததாம். குடிவந்த ஒவ்வொருத்தியும் தன் கைக்கு ஒரு தாள்.

மாடிப்படி இருட்டு. கைப்பிடி மரம் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. நான் அதைப் பிடித்துத்தான் ஏறினேன்.

ஒரு வீடு 325 சதுர அடி. மூன்று அறை, அதில் ஒன்றுக்குத்தான் தெருப்பக்கம் ஜன்னல். நடு அறை சமையல்கட்டு. கடைசி அறை படுக்க, ஆள் படுத்தால் கால் நீட்ட இடமிருக்குமா என்று தெரியவில்லை. கட்டியபோது வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது. கொல்லையில் ஒரு பம்ப். அதன் பக்கத்திலேயே வரிசையாகக் கக்கூஸ். பம்புக்கும் கக்கூசுக்கும் இடையே இருந்த தூரத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. எத்தனை ஊரில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது!

1869-ல் இங்கே ஜோசப் மூர், பிரிட்ஜெட் மூர் என்ற தம்பதி குடியிருந்தார்கள். இவர்களும் மூர்தான், ஆன்னிக்கு உறவில்லை. ஜோசப் ஓட்டலில் பரிமாறுகிற வேலை. பிரிட்ஜெட் 1863-ல் 17 வயதில் தனியாக வந்தவள். அப்படியென்றால் பஞ்சத்துக்கு நடுவில் பிறந்து, பிழைத்துக் கிடந்த குழந்தை. வந்ததும் வீட்டு வேலை பார்த்தாள், இரண்டு வருஷத்தில் கல்யாணம். சுற்றியிருந்த தெருக்கள் முழுக்க ஜெர்மன்காரர்கள். கடையில் பேசும் பாஷையும் புரியாது.

அவர்களுக்கு அப்போது மூன்று பெண் குழந்தைகள். கைக்குழந்தை பெயர் ஆக்னஸ். ஐந்து மாதம். 1869 ஏப்ரலில் அது இறந்துபோனது. இறப்புச் சான்றில் எழுதியிருக்கும் காரணம் மராஸ்மஸ். நர்ஸ் படிப்பில் அந்த வார்த்தையை மனப்பாடம் செய்திருக்கிறேன். நம் ஊரில் அதற்குச் சவலை என்று பெயர்.

வழிகாட்டிப் பெண் எங்களை அறைக்குள் விட்டுவிட்டு ஓரமாக நின்றாள். குழந்தையின் துக்க வீடாகவே அந்த அறையை வைத்திருக்கிறார்கள். மேஜை மேல் சின்னச் சவப்பெட்டி. நான் அதன் நீளத்தைத்தான் பார்த்தேன். ஐந்து மாதக் குழந்தை என்றால் ஆறு, ஆறரை கிலோ இருக்க வேண்டும். ஊஞ்சல் தராசில் துணித் தொட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். சவலைப் பிள்ளையைத் தூக்கினால் கைக்கு உடனே தெரியும், தராசே வேண்டாம். முகம் கிழவி மாதிரி ஆகிவிடும். தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அழுகை வராது, முனகல்தான் வரும். இதைப் பார்த்துக்கொண்டு தாய் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

காரணம் பாலாக இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் காலத்து நியூயார்க்கில் சாராய ஆலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டில் இருந்தது. சாராயம் வடித்தபின் மிஞ்சும் சூடான கழிவை மாட்டுக்கு ஊற்றுவார்கள். மாடு அதைத் தின்று பல் விழுந்து, வால் அழுகி நிற்கும். கறந்த பால் நீலம் பூத்துத் தண்ணியாக இருக்கும். வெள்ளையாகத் தெரிய அதில் சுண்ணாம்புத் தூளும் மாவும் கலந்து, 'சுத்தமான நாட்டுப்புறப் பால்' என்று எழுதிய வண்டியில் விற்றார்கள். 1858-லேயே பத்திரிகையாசிரியர் ஃபிராங்க் லெஸ்லி இதைப் படம் போட்டு அம்பலப்படுத்தினார். ஊர் கொதித்தது. ஆனாலும் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. தாய்ப்பால் வற்றிப்போனவள் காசு கொடுத்து விஷத்தை வாங்கி, ஆற்றி, தன் கையாலேயே ஊட்டியிருக்கிறாள்.

நாதன் ஸ்ட்ராஸ் என்ற வியாபாரி 1893-ல் காய்ச்சிச் சுத்தம் செய்த பாலை ஏழைகளுக்குக் கொடுக்க நிலையங்கள் தொடங்கினார். ஆக்னஸுக்கு 24 வருஷம் தாமதம்.

பிரிட்ஜெட் மொத்தம் எட்டுப் பெண் குழந்தைகள் பெற்றாள். பெரியவர்களாக வளர்ந்தவர்கள் நான்கு பேர். அவள் 1882-ல் இறந்தாள். வயது 36. எட்டுப் பிரசவம், நாலு துக்கம், முப்பத்தாறு வயது. தினம் எத்தனை வாளித் தண்ணீர், எத்தனை படி!

வெளியே வந்ததும் மருமகள் காப்பி வாங்கிக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை.

நான்காம் நாள்

முழங்கால் வலி. கொஞ்சம்தான் நடந்தோம்.

மன்ரோ தெரு, செர்ரி தெரு. ஆன்னியின் பெற்றோர் இருந்தது மன்ரோ தெரு 32. ஆன்னி வாழ்ந்ததெல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். கடல் தாண்டி வந்தவள், வந்தபின் இந்த நாலு தெருவைத் தாண்டவில்லை. ஜோசப் அகஸ்டஸ் ஷேயர் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஜெர்மன் வம்சாவளி, ஃபுல்டன் மீன் சந்தையில் விற்பனை வேலை. சந்தை 2005-ல் பிராங்க்ஸ் பக்கம் போய்விட்டது, வாடையும் கூடவே போய்விட்டது.

அவள் இருந்த மாதிரி வீடு ஒன்றுகூட நான் நடந்த வழியில் கண்ணில் படவில்லை. உயரமான செங்கல் குடியிருப்புகள், விளையாட்டுத் திடல், சீனக் கடைகள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு சீனப் பாட்டி கீரை வாங்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்துச் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

ஒரு விஷயத்தை இன்று எழுதியே ஆக வேண்டும். ரொம்ப காலமாக வேறொரு ஆன்னி மூரைத்தான் இந்த ஆன்னி என்று உலகம் நம்பியது. அந்த ஆன்னி மேற்கே போய், டெக்சாஸில் வாழ்ந்து, 1923-ல் டிராம் வண்டி மோதி இறந்தவள். சாகசக் கதை, எல்லோருக்கும் பிடித்துப்போனது. அவள் வழிவந்தவர்களை விழாவுக்குக்கூட அழைத்தார்கள். மேகன் ஸ்மொலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தபோது, அந்த ஆன்னி அயர்லாந்திலேயே பிறக்கவில்லை, இல்லினாயில் பிறந்தவள் என்று தெரிந்தது. அவர் ஆயிரம் டாலர் பரிசு அறிவித்துத் தேடச் சொன்னார். 2006-ல் உண்மையான ஆன்னி கிடைத்தாள். எங்கே? இறங்கிய துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே, குடக்கூலி வீட்டில், பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டு. பெரிய கதையைத் தேடி மேற்கே பார்த்தவர்களுக்கு, இங்கேயே இருந்த அம்மா கண்ணில் படவில்லை.

1900, 1910 இரண்டு முறையும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மார்களிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: எத்தனை பெற்றாய், எத்தனை உயிரோடு இருக்கிறது. என் பதிவேட்டிலும் அதே இரண்டு கட்டம் இருந்தது. முதல் கேள்விக்குப் பெண்கள் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கேட்கும்போது நான் பேனாவைப் பார்த்துக்கொள்வேன், அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஒரு அம்மா ஒருமுறை, "பெத்தது ஒம்பது, தங்குனது மூணு, நீ எதை எழுதுனாலும் சரி நர்சம்மா" என்றார். ஆன்னி வீட்டுக் கதவைத் தட்டியவருக்கும் அவள் நின்ற இடத்திலிருந்தே கணக்குச் சொல்லியிருப்பாள்.

ஐந்தாம் நாள்

ஏழாம் நம்பர் ரயிலில் குயின்ஸ், அங்கிருந்து பஸ். கால்வரி கல்லறைத் தோட்டம். 1848-லிருந்து கத்தோலிக்கர்களைப் புதைக்கும் இடம். அந்தக் காலத்தில் மன்ஹாட்டனிலிருந்து சவப்பெட்டிகளைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடந்து கொண்டுவருவார்கள். இதுவரை சுமார் 30 லட்சம் பேர் இங்கே உறங்குகிறார்கள். பழைய பகுதியின் மேட்டில் நின்றால், கல்லறைக் கற்களுக்குப் பின்னால் அதே உயரத்தில் மன்ஹாட்டன் கோபுரங்கள் தெரிகின்றன. எது கல், எது கட்டடம் என்று ஒரு கணம் பிரிக்க முடியவில்லை.

ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் வெள்ளைச் செவ்வந்தி வாங்கியிருந்தோம். தேடிக் கண்டுபிடிக்க நேரமாகிவிட்டது. மருமகள்தான் வரிசை வரிசையாகப் பெயர் படித்துக்கொண்டே முன்னால் போனாள். எத்தனை மர்ஃபி, எத்தனை கெல்லி, எத்தனை சல்லிவன். "அத்தை, இங்க" என்று கூப்பிட்டாள்.

ஆன்னி 1924 டிசம்பரில் இருதய நோயால் இறந்தாள், வயது 50. சிறு வயதில் போன பிள்ளைகளும் அவளும் ஒரே குழியில். கல் வைக்கக் காசில்லை. 84 வருஷம் அது வெறும் புல்தரை. 2008 அக்டோபரில்தான் அயர்லாந்து நாட்டு நீலச் சுண்ணாம்புக் கல்லில் கெல்டிக் சிலுவை செய்து நட்டார்கள். அன்று அவள் வம்சத்தார் வந்திருந்தார்கள். ஐரிஷ், யூதர், இத்தாலி, ஸ்காண்டிநேவியா என்று அத்தனை வகைப் பெயரும் இப்போது அந்தக் குடும்பத்தில் இருக்கிறது.

சிலுவையில் கை வைத்துப் பார்த்தேன். வெயில் பட்டும் சில்லென்று இருந்தது. அதில் வட்டமும் பின்னலுமாக வேலைப்பாடு, நுணுக்கமான கை. பூங்கொத்தின் நூலை அவிழ்த்து, ஒரு பூவைச் சிலுவையடியில் வைத்தேன். மிச்சத்தை மருமகளிடம் கொடுத்தேன்.

"எங்க வைக்கட்டும் அத்தை?"

"புல்லுமேலயே பரப்பி வைம்மா. பிள்ளைங்க எல்லாம் எந்தப் பக்கம் படுத்திருக்காங்களோ."

அவள் குனிந்து ஒவ்வொரு பூவாக, இடைவெளி விட்டு, கை எட்டும் வரை வைத்துக்கொண்டே போனாள். பஸ் நாலரைக்கு. பேரன் பள்ளி விட்டு வந்திருப்பான்.